கொம்பு முறியும் வரை

05.03.2023
சிவமணி அக்கா வீடு, வடசேரி

அன்புள்ள சுதாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். நேற்றுக் கோயிலில் நடந்த கூட்டத்துக்கு நீ வராதபடியால் தீர்மானங்களைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு ஊரில் கொம்புமுறி நடத்துவதற்காகக் கொழும்பிலுள்ள கலைப் பண்பாட்டு நிதியத்துக்கு விண்ணப்பிக்கிறோம் அல்லவா, அந்தப் படிவத்தில் ‘திட்டம் ஆரம்பிக்கும் திகதி’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கோயிலின் உறுதிக் கடிதமும் வேண்டும். கடிதம் கேட்டுப் போனால், கோயில் பொறுப்பிலுள்ள வீரகத்தி வண்ணக்கர் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துக் கண்ணகி அம்மன் முன்னால் நாளே வைத்துவிட்டார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். நாள் வைத்தால் அன்றிலிருந்து கொம்பு முறியும் வரை வடசேரியும் தென்சேரியும் எதிர்ப்பக்கம். கட்டின புருசன் பெண்சாதி என்றாலும் சேரி வேறானால் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது, பேசக் கூடாது. வீடுகள் எல்லாம் பெண்களின் சீதன வீடுகள் ஆகையால் வெளியேற வேண்டியவர்கள் நாங்கள்தான்.

வழக்கமாக இது பதினைந்து நாள் சங்கதி. இந்த முறை நிதியத்தின் முடிவு சித்திரைக் கடைசியில்தான் வரும், அதற்குப் பிறகு வைகாசியில் கொம்பு. “இது படிவத்துக்காகக் கேட்ட திகதிதானே” என்று வண்ணக்கரிடம் சொல்லிப் பார்த்தேன். “நாள் எண்டா நாள்தான் தம்பி. அம்மனுக்கு முன்னால வெச்சிப்போட்டு, கடதாசிக்கு வெச்சதெண்டு சொல்ல ஏலுமா?” என்றார். ஆகவேதான் நேற்றுப் பின்னேரமே கிளம்ப வேண்டியதாயிற்று.

பேச்சு என்பதில் தொலைபேசியும் வட்ஸ்அப்பும் அடங்குமா என்று பிரதீஸ் கேட்டான். போன மாதம் கலியாணம் முடித்தவன். அடங்கும் என்று தீர்ப்பாயிற்று. கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஏறாவூரிலிருந்து துணிமணி விற்க வரும் கபூர் நானா எந்தச் சேரியும் இல்லாதவர். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விடயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தில் இரண்டு சேரிகளின் சார்பிலும் ஒவ்வொருவர் ஒப்பமிட வேண்டும் என்று நிதியத்தின் மட்டக்களப்பு இணைப்பாளர் லொறெய்ன் மிஸ் சொல்லியிருக்கிறார். தென்சேரிக்கு உன் பெயரைப் போட்டிருக்கிறேன். புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைத்து அனுப்பு. வாசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

இப்படிக்கு,
கேதீசன்


08.03.2023
தென்சேரி

சர்மிலாவின் அப்பாவுக்கு,

வாசிக்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தேன்.

‘வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஊர் இரண்டாகப் பிரிந்து, இரு புறமும் வடம் பூட்டி இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. அதுவரை இரு சேரியாரும் ஒருவரையொருவர் வசைப்பாட்டால் திட்டிக்கொள்வர். முறிந்த அன்றே வென்றவர்கள் சோற்றுப் பானையோடு தோற்றவர் வாசலுக்குப் போவர்.’ இது நான் எழுதியது. மாசியில் மூன்று சனிக்கிழமைகள் குசினி மேசையில் இருந்து எழுதினேன். நீங்கள் எதிரே இருந்து பேப்பர் பார்த்தீர்கள். ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்கிறது, சந்தோசம்.

‘திட்டப் பணிப்பாளர்: திரு. க. கேதீசன், கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர்.’ அதுவும் சரி. என் பெயரைத் தேடிக்கொண்டு போனேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. ‘நேரடிப் பயனாளிகள்: கிராமத்துப் பெண்கள். உதாரணம், திருமதி சுதர்சனா கேதீசன்.’ இன்று பாடசாலையில் மகளிர் தின விழா. நான் மேடையில் பேசிவிட்டு வந்து இதை வாசித்தேன்.

கையெழுத்து வைக்கவில்லை. என்னை இணைத் திட்டப் பணிப்பாளர் என்று மாற்றி அனுப்புங்கள், வைக்கிறேன்.

இன்னொன்று. ஊர் வழக்கத்துக்காகப் போகிறவர் ஒரு பையோடு போவார். நீங்கள் இரண்டு பை, மடக்குக் கதிரை, ரேடியோ, தலையணை எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றினீர்கள். வாசலில் மற்ற ஆண்களோடு சிரித்துக்கொண்டு நின்றீர்கள். இந்த வீட்டை விட்டுப் போக நீங்கள் எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அது எனக்குச் சுட்டது. சொல்லாமல் விடுவது என் பழக்கமில்லை என்பதால் சொல்கிறேன்.

சுதர்சனா


13.03.2023
வடசேரி

அன்புள்ள சுதாவுக்கு,

திருத்தி அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே இணைத் திட்டப் பணிப்பாளர் என்று போட்டிருக்கிறேன். பயனாளிகள் பகுதியை நிதியத்தின் மாதிரிப் படிவத்தைப் பார்த்து நிரப்பினேன். அதில் ஓர் உதாரணம் கேட்டார்கள், எனக்கு வேறு பெண் பெயர் ஞாபகம் வரவில்லை. இது ஒரு விளக்கமே தவிர நியாயம் அல்ல.

தலையணை பற்றி. அக்கா வீட்டுத் தலையணை கட்டிபட்டுப்போனது, எனக்குக் கழுத்து நோ உண்டு.

சிரித்தது உண்மை. எல்லா ஆண்களும் ஒன்றாகக் கிளம்பியபோது கல்குடாவுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்களைப்போல இருந்தது. அது இரண்டு நாள்தான் நின்றது. அக்கா ஐந்து மணிக்கு எழுப்பி முற்றம் கூட்டச் சொல்கிறார். “அவள் வீட்டில சும்மா இருந்து பழகியிருப்பாய், இஞ்ச ஏலா” என்கிறார். மச்சான் வேலிக்குப் பின்னால் நின்று எனக்காகப் பரிதாபப்படுகிறார், உதவிக்கு வரமாட்டார்.

இங்கிருந்து ஆற்றங்கரைக்குப் போனால் நம் வீட்டுக் கூரையின் ஒரு மூலை தெரிகிறது. புதுத் தகரம் போட்ட மூலை. அதைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போகிறேன்.

கேதீசன்


02.04.2023
தென்சேரி

சர்மிலாவின் அப்பாவுக்கு,

கையெழுத்து வைத்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்து பதிவு இலக்கமும் வந்திருப்பதாக சர்மிலா சொன்னாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதியில் சேரி விதி செல்லாது என்று வண்ணக்கர் அறிவித்திருப்பதால் அவள் ஒருத்திதான் நம் இருவரோடும் பேசக் கூடியவள். அதற்காக அவளிடம் எதையும் சொல்லி அனுப்ப வேண்டாம். “நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி இல்ல” என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள்தான் எழுதினீர்களா என்று பார்ப்பதற்காக.

தண்ணீர் மோட்டர் பழுதாகி, இரண்டு நாள் கிணற்றில் அள்ளினேன். பிறகு ஒழுங்கை மூலைக் கடைக்காரரைக் கூப்பிட்டுத் திருத்தினேன். இதை உங்கள் மேல் குற்றமாக எழுதவில்லை. நீங்கள் இருந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

கபூர் நானாவிடம் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “நான் ரெண்டு பக்கமும் இல்ல தங்கச்சி, பாத்தத சொல்ல மாட்டன்” என்றார். பிறகு சேலையை மடித்துக்கொண்டே, “கடிதம் குடுக்கக்குள்ள வாசல்லயே நிண்டு வாசிச்சவர்” என்றார். அவ்வளவுதான் கறக்க முடிந்தது.

அக்கா வீட்டில் சாப்பாடு எப்படி? அதை எழுதுங்கள்.

சுதர்சனா


01.05.2023
வடசேரி

அன்புள்ள சுதா,

சாப்பாடு பற்றி முதலில். அக்காவின் மீன் சொதியில் புளி கூட. நான் சொன்னதாக வேண்டாம். நீ பழஞ்சோற்றுக்கு வைக்கும் மாசிக்கருவாட்டுச் சம்பல் நினைவு வந்தது. அதை நான் ருசியென்று உன்னிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. ருசிதான்.

இனித் துன்பச் செய்தி. நிதியத்தின் முடிவு தள்ளிப்போய்விட்டது. ‘நடுவர் குழு ஆராய்ந்து வருகிறது’ என்று மட்டும் மின்னஞ்சல். சரி, நாங்கள் கொம்பை நடத்திவிடுகிறோம், பணம் பிறகு வரட்டும் என்று லொறெய்ன் மிஸ்ஸிடம் கேட்டேன். “அப்பிடிச் செய்ய ஒண்ணாது கேதீசன். அனுமதி வாறத்துக்கு முதல் நடந்த நிகழ்வுக்கு நிதி குடுக்க ஏலாது, அது சட்டம்” என்றார். அதாவது நிதியம் முடிவு சொல்லாமல் கொம்பு முறிக்க முடியாது. கொம்பு முறியாமல் நாங்கள் வீட்டுக்கு வர முடியாது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஊரின் பாதிக் குடும்பம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, மாட்டிவிட்டவன் நான்.

ஆண்கள் என்னைக் கண்டால் இப்போது சிரிப்பதில்லை. பிரதீஸ் முந்தநாள் பின்வேலியால் பெண்சாதி வீட்டுக்குப் போய்ப் பிடிபட்டுவிட்டான். நூறு தேங்காய் கோயிலுக்குக் கட்ட வேண்டும். கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டான், “அண்ணன், உங்களுக்கு வயசு போயிட்டு, நீங்க இருப்பீங்க. நான் என்ன பாவம் செஞ்சன்?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயது போனவனுக்கு வீடு தேவையில்லை என்று அவன் நினைப்பது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? இதைக் கேட்காமல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கேதீசன்


28.05.2023
தென்சேரி

சர்மிலாவின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது என்று எழுத நினைத்தேன். நீங்கள் இருக்கும்போதும் அமைதியாகத்தான் இருந்தது, ஆகவே அதில் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் கபூர் நானாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே இருக்கிறது.

நிதியத்தின் கடிதம் நம் இருவர் பேருக்கும் வந்திருக்கிறது. உங்களுக்கும் கிடைத்திருக்கும். நம் விண்ணப்பம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். இரண்டே இரண்டு மாற்றம் வேண்டுமாம். வசைப்பாட்டுகளுக்குப் பதிலாக ஒற்றுமைப் பாட்டுகள் பாட வேண்டும். கடைசியில் யாரும் தோற்காதபடி, கொம்பை முறிக்காமல் கழற்றிவிட வேண்டும். சமூக நல்லிணக்கத்துக்கு அதுதான் பொருத்தமாம்.

நான் வெகு நேரம் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. மற்ற நாட்களில் நாம் ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் இருக்கிறோம், அதனால்தான் திட்டுவதற்கென்று நாள் வைத்திருக்கிறோம். இத்தனை வருடத்துச் சினத்தை எல்லாம் பாட்டில் கொட்டி, ஒரு பக்கம் தோற்று, தோற்ற வாசலில் வென்றவன் சோறு கொண்டுபோய் வைத்தால்தான் அது தீரும். முறியாத கொம்பு எதைத் தீர்க்கும்? தென்சேரிக்கு இந்த முறை பாட்டுக் கட்டுகிறவள் நான். ஒற்றுமைப் பாட்டு வேண்டுமென்றால் அவர்கள் தேசிய கீதத்தைப் பாடிக்கொள்ளட்டும்.

மறுத்துப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஒப்பமும் வேண்டும். இந்த ஒரு விடயத்தில் என்னோடு நில்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு நிற்கலாம், அதற்குத் தடை இல்லை.

சுதர்சனா


31.05.2023
வடசேரி

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதம் ஒரு நாள் பிந்திவிட்டது. திங்கட்கிழமை சூமில் நடுவர் குழு என்னோடு கதைத்தது. கொழும்பிலிருந்து மூன்று பேர், எல்லாரும் நல்ல மரியாதையான ஆட்கள். இரண்டு மாற்றத்துக்கும் சம்மதமா என்று கேட்டார்கள். பின்னால் பிரதீஸும் மற்ற ஆண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத்திலும் அனுப்பிவிட்டேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார். இப்போது ஓம் என்றால் ஆனிக்குள் பணம் வரும், நிகழ்வு நடக்கும். பாட்டு என்ன, அடுத்த முறை பாடிக்கொள்ளலாம். கொம்பைக் கழற்றுவதும் முறிப்பதும் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான். மேற்படி சம்மதக் கடிதத்தில் இணைத் திட்டப் பணிப்பாளர் என்ற வகையில் உன் ஒப்பமும் அவசியம். புள்ளடி போட்டிருக்கிறேன்.

கேதீசன்


01.06.2023
தென்சேரி

சர்மிலாவின் அப்பாவுக்கு,

கபூர் நானாவை வாசலில் நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன், ஆகவே சுருக்கமாக.

நாள் வைத்தால் கொம்பு முறியும் வரை நீங்கள் இந்த வீட்டுக்கு வர முடியாது. வழக்கம் அதுதான், உங்கள் முதல் கடிதத்தில் நீங்களே எழுதியது. கொம்பை முறிக்க மாட்டோம் என்று கொழும்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் நீங்கள் எப்போது வருவதாக உத்தேசம்?

நீங்கள் இதை யோசிக்காமல் எழுதினீர்களா, யோசித்துத்தான் எழுதினீர்களா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். யோசிக்கவில்லை என்றால் நான் உங்கள் நினைப்பில் எங்கும் இல்லை என்று அர்த்தம். யோசித்துச் செய்தீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், மிச்ச உடுப்பையும் கட்டி அனுப்புகிறேன்.

ஒப்பம் வைக்கவில்லை.

சுதர்சனா


10.06.2023
வடசேரி

அன்புள்ள சுதா,

யோசிக்கவில்லை. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்காவிடம் காட்டினேன். “கூட்டுறவுச் சங்கத்தில கணக்குப் பாக்கிற மனிசனுக்கு இந்தக் கணக்குத் தெரியல்லயா?” என்று கேட்டுவிட்டு, மறுகாச் சோறு போட வரவில்லை. மச்சான்தான் போட்டார்.

நீ என் நினைப்பில் எங்கும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அது சரியில்லை, ஆனால் அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல் ஒரு கிழமை போய்விட்டது. எனக்குத் தெரிந்த வேலை எழுதுவதுதான், ஆகவே எழுதுகிறேன். மூன்று பக்கமாவது வரும், பொறுத்துக்கொள்.

நான் பேசாதவன் என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். நான் பேசத்தான் தொடங்குவேன். நான் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நீ அந்த வசனத்தை முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, குசினிக்குள் போய்விடுவாய். பெரும்பாலும் நீ முடித்த விதம் நான் முடித்திருக்கக்கூடியதை விட நன்றாகவே இருக்கும். அதனால் காலப்போக்கில் நான் தொடங்குவதையும் விட்டுவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. இந்த மூன்று மாதத்தில் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான், உனக்குக் கோபம் வராது என்ற துணிவில் எழுதுகிறேன்.

அம்மா செத்து முப்பத்தோராம் நாள், எல்லாரும் போன பிறகு நான் பின்விறாந்தையில் இருந்தேன். நீ தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாய். நீ கேட்காமல் போனது அந்த ஒரு நாள்தான். அந்தத் தேத்தண்ணி ஆறும் வரை நான் அழுதேன். பிறகு குடித்தேன். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

இந்த நிதிக்கு ஏன் இப்படி அலைந்தேன் என்று நீ கேட்கவில்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் கொம்பு நடந்தபோது எந்த நிதியும் இல்லை. நான் சங்கத்தில் ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவன், உர மானியத்துக்கும் வீட்டுத் திட்டத்துக்கும். ஒன்றிலாவது என் பெயர் மேலே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கொழும்பிலிருந்து யாராவது ஒரு ஆள், கேதீசன், நீங்கள் செய்வது பெரிய காரியம் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. சூமில் அவர்கள் அப்படியே சொன்னார்கள். அந்தப் புகழ்ச்சியின் குளிர்ச்சியில் நான் ஓம் சொல்லிவிட்டேன். அவர்கள் புகழ்ந்தது நீ எழுதிய பந்தியை என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று நிதியத்துக்கு மறுத்து எழுதிவிட்டேன். வசை இருக்கும், கொம்பு முறியும், ஒரு சேரி தோற்கும், வேறு மாதிரி எங்களுக்கு நடத்தத் தெரியாது என்று எழுதினேன். நீ எழுதி வைத்திருக்கும் மறுப்பை விட மோசமாகத்தான் இருக்கும், ஆனால் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி ஒப்பமிட எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று காலை பதில் வந்தது. இந்த வருடம் நிதி இல்லை. கோப்பை அடுத்த சுற்றுக்கு வைத்திருப்பார்களாம், அது மரியாதைக்குச் சொல்வது.

பிரதீஸ் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நிதி இல்லை என்றதும் நிதியத்தின் சட்டமும் இல்லை. வண்ணக்கரிடம் போனேன். ஆடியில் நடத்தலாம் என்கிறார்.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும், சுதா. தகரத்தைப் பார்த்தது போதும்.

உன்,
கேதீசன்


20.07.2023
தென்சேரி

சர்மிலாவின் அப்பாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் காரணம், உங்கள் கடிதத்தை நான் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்ததுதான். வேறு காரணம் எழுதலாம் என்று பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

குறுக்கே வருகிறேன் என்று எழுதியதற்குப் பதில் இருக்கிறது. நீங்கள் சொல் தேடும்போது உங்கள் முகம் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் முடித்து வைப்பேன். உதவி என்றே நினைத்திருந்தேன்.

வடம் வந்துவிட்டது. கல்குடாவில் கரைவலைக்காரரிடம் இரவல் வாங்கினோம். வாற வெள்ளிக்கிழமை கொம்பு. லொறெய்ன் மிஸ்ஸும் பார்க்க வருகிறாராம், நிதி இல்லாவிட்டாலும்.

உங்களுக்கு ஒரு முன்னறிவித்தல். மாசிக் கடைசியில் உங்கள் மேல் ஒரு வசை கட்டியிருந்தேன்.

‘வடசேரி எழுத்தருக்கு வாயிருக்குப் பேச்சில்லை,
கொழும்புக்கு எழுதுவாராம், கொண்டவளுக்கு எழுதாராம்.’

நல்ல பாட்டு. பெண்கள் எல்லாரும் பாடமாக்கிவிட்டார்கள். ஆனால் இப்போது அது பொய்யாகிவிட்டது, அம்மனுக்கு முன்னால் பொய் பாட எனக்கு மனமில்லை. ஆகவே வேறு கட்டியிருக்கிறேன். அது இதை விட மோசம். கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கொம்பு முறிந்ததும் நேரே வீட்டுக்கு வாருங்கள். மாசிச் சம்பல் இருக்கும்.

சுதர்சனா


19.02.2024
தென்சேரி

சர்மிலாவின் அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். நீங்கள் சங்கத்துக்குப் போன பிறகு எழுதி, உங்கள் பையின் மேல் வைக்கிறேன். பையை நான்தான் கட்டினேன். வேண்டியது எல்லாம் இருக்கிறது.

நிதியத்தின் கடிதம் போன வெள்ளி வந்தது. அடுத்த சுற்றில் நம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வசையும் முறிவும் இருந்தபடியே இருக்கலாமாம். போன ஆடியில் லொறெய்ன் மிஸ் வந்து, நாங்கள் உங்களைப் பாடிய பாட்டுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார் அல்லவா, அவர் அறிக்கை எழுதியிருக்கிறார். கடிதத்தின் முதல் வரியில் உங்கள் பெயர்தான். பக்கத்தில் என்னுடையதும். நீங்கள் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். “நல்லது” என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்று எங்கள் கொம்பு முறிந்து நாங்கள் தோற்றோம். நீங்கள் ஆறு மணிக்கே சோற்றுப் பானையோடு வாசலில் நின்றீர்கள், வியர்த்து விறுவிறுத்து. அன்றைக்கு ஊரிலேயே சந்தோசமாகத் தோற்றவள் நான்தான். அடுத்த நாள் காலையில் நீங்கள் பேப்பரை விரித்தீர்கள். நான் எதிரே இருந்தேன். நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் பற்றி இனிப் பேசுவோம் என்று காத்திருந்தேன். ஒரு கிழமை வாயை இறுகக் கட்டிக்கொண்டும் பார்த்தேன், நீங்கள் தொடங்கினால் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று. நீங்கள் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டீர்கள்.

உங்களில் குற்றம் சொல்லவில்லை. மோட்டர் பழுதானால் கடைக்காரரைக் கூட்டிவருகிறீர்கள், மா அரைக்கக் கொண்டுபோகிறீர்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் அக்கா வீட்டிலிருந்து எனக்கு எழுதிக்கொண்டிருந்த மனிசன் இந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. ஏழு மாதம் பார்த்துவிட்டேன்.

நேற்று வண்ணக்கரிடம் போனேன். ஊருக்கு வைகாசிக் கொம்புக்குப் பதினைந்து நாள் முன்னால் நாள் வைப்பார், பிரதீஸுக்கும் மற்றவர்களுக்கும் துன்பமில்லை. திட்டப் பணிப்பாளர்கள் இருவருக்கும் மட்டும் இன்றிலிருந்தே நாள் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன புள்ள, சண்டையா?”

“இல்ல மாமா. எனக்குக் கடிதம் வேணும்.”

அவர் எழும்பிப் போய்க் கற்பூரம் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆகவே இன்று பின்னேரத்திலிருந்து நாம் எதிர்ப்பக்கம், பேசக் கூடாது. அக்காவுக்கு அறிவித்துவிட்டேன், கட்டிலைத் தட்டி வைத்திருக்கிறார். கபூர் நானா செவ்வாயும் வெள்ளியும் வருவார். போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள்.

உங்கள்,
சுதா